கடலூர் மாவட்ட மருத்துவக் கல்வி வரலாற்றில் சிதம்பரம்: பல்கலைக்கழகக் கல்லூரி அரசுக் கல்லூரியான வரலாறு (1985–2021)

ஆய்வுச்சுருக்கம்

வருவாய் குறைந்த நாடுகளின் மருத்துவக் கல்விச் சீர்திருத்தம் பெரும்பாலும் பாடத்திட்டம், தேர்வு, தரநிர்ணயம் ஆகியவற்றின் வழியாகவே பேசப்பட்டு வருகிறது. கல்லூரி யாருடைய உடைமையாக இருக்கிறது, அதன் செலவை யார் ஏற்கின்றனர், மாணவர் எந்த மக்களிடையே பயில்கின்றனர் என்னும் வினாக்கள் இப்பேச்சில் பின்தள்ளப்படுகின்றன. சிதம்பரம் அண்ணாமலை நகரில் 1985இல் தொடங்கப்பட்ட இராசா முத்தையா மருத்துவக் கல்லூரி, 2021இல் கடலூர் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரியாக மாற்றப்பட்டது. அவ்வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. 2013ஆம் ஆண்டுச் சட்டம் ஆட்சியையும் 2021ஆம் ஆண்டு ஆணைகள் துறையையும் கட்டணத்தையும் மாற்றின. ஆயினும், மாவட்டத்தின் மருத்துவமனைகளையும் ஆரம்ப சுகாதார நிலையங்களையும் ஒரே கற்றல் களமாக இணைக்கும் மூன்றாவது பணி இன்னும் எஞ்சியுள்ளது என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்

மருத்துவக் கல்வி, கடலூர் மாவட்டம், அண்ணாமலைப் பல்கலைக்கழகம், கல்விக் கட்டணம், போர் குழு, பொதுச் சுகாதாரம்.

முன்னுரை

கடலூர் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி மாவட்டத் தலைநகராகிய கடலூரில் இல்லை. அங்கிருந்து ஏறத்தாழ 45 கி.மீ. தெற்கே, சிதம்பரம் நகரின் கிழக்கெல்லையில், அண்ணாமலைப் பல்கலைக்கழக வளாகத்தை ஒட்டி அமைந்துள்ளது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனை தனியாக இயங்குகிறது. பெயர் ஓரிடத்தையும் கட்டடம் வேறோரிடத்தையும் சுட்டும் இந்நிலை தற்செயலாக நேர்ந்ததன்று. ஒரு மாவட்டத்திற்கு மருத்துவக் கல்லூரி எவ்வாறு வந்து சேர்ந்தது என்பதன் வரலாறு இதில் அடங்கியுள்ளது.

தமிழ்நாட்டின் மருத்துவக் கல்வி வரலாற்றை எழுதுவோர் சென்னை மருத்துவக் கல்லூரி, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆகியவற்றை விரிவாகப் பேசியுள்ளனர். 1980களுக்குப் பின் எழுந்த கல்லூரிகளின் வரலாறு அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. அரசும் தனியாரும் கலந்த ஆட்சியமைப்பில் தோன்றிய சிதம்பரம் கல்லூரி இவ்வகையில் தனித்து ஆராயத்தக்கது. ஒரே நிறுவனம் 36 ஆண்டுகளுக்குள் நிறுவனர் குடும்பத்தின் செல்வாக்கு, உயர்கல்வித் துறையின் கண்காணிப்பு, மக்கள் நல்வாழ்வுத் துறையின் நேரடி நிருவாகம் ஆகிய மூன்று நிலைகளையும் கடந்து வந்துள்ளது. ஒவ்வொரு நிலையிலும் யார் மருத்துவராக முடிந்தது, அவர் யாருக்கு மருத்துவராக அமைந்தார் என்னும் இரு வினாக்களை எழுப்பிப் பார்ப்பதே இக்கட்டுரையின் முறையியல்.

தரமும் அணுக்கமும்: சீர்திருத்தத்தின் இரு இலக்குகள்

நவீன மருத்துவக் கல்விச் சீர்திருத்தத்தின் தொடக்கமாக 1910ஆம் ஆண்டின் ஃபிளெக்ஸ்னர் அறிக்கையைச் சுட்டுவது மரபு. ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர் அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 155 மருத்துவப் பள்ளிகளைப் பார்வையிட்டு, ஆய்வகமும் பல்கலைக்கழகத் தொடர்பும் இல்லாத பள்ளிகளை மூட வேண்டும் என்றார். அறிவியல் அடிப்படை வலுப்பெற்றது. ஆனால் அதற்கு ஒரு விலையும் இருந்தது. கறுப்பின மாணவர்களுக்கென இருந்த ஏழு பள்ளிகளுள் ஐந்து அடுத்த ஆண்டுகளில் மூடப்பட்டன. எளிய பின்னணியினருக்கும் சிற்றூர்களுக்கும் மருத்துவக் கல்வி எட்டாத தொலைவுக்குச் சென்றது. தரத்தை உயர்த்தும் நடவடிக்கை அணுக்கத்தைக் குறைக்கக்கூடும் என்பதை இந்நிகழ்வு முதன்முதலாகப் புலப்படுத்தியது.

நூறாண்டுகளுக்குப் பின் 2010இல் லான்செட் இதழின் பன்னாட்டு ஆணையம் இதே பொருளை மீண்டும் ஆராய்ந்தது. அறிவியல் அடிப்படையிலான கல்வி, சிக்கல்வழிக் கற்றல், சுகாதார அமைப்பை அடிப்படையாகக் கொண்ட கல்வி எனச் சீர்திருத்தத்தை அது மூன்று தலைமுறைகளாகப் பகுத்தது. இந்தியா, சீனா, பிரேசில், அமெரிக்கா ஆகிய நான்கு நாடுகள் ஒவ்வொன்றிலும் 150க்கு மேற்பட்ட மருத்துவப் பள்ளிகள் இருக்க, 36 நாடுகளில் ஒன்றுகூட இல்லை என்பதையும் அவ்வாணையம் எடுத்துக்காட்டியது. நாடுகளுக்கிடையே காணப்படும் இந்த ஏற்றத்தாழ்வு ஒரு நாட்டின் மாவட்டங்களுக்கிடையேயும் காணப்படுகிறது. கல்லூரிகளின் எண்ணிக்கையில் முன்னணியில் உள்ள நாட்டிலும், மாநிலத்திலும், ஒரு மாவட்டம் நெடுங்காலம் அரசு மருத்துவக் கல்லூரி இன்றி இருக்க முடியும். கடலூர் அதற்கு ஒரு சான்று.

உள்ளூர் மருத்துவரை உருவாக்கும் முன்முயற்சிகள்

தன் மக்களிடையே தங்கிப் பணியாற்றும் மருத்துவரை உருவாக்குவது எவ்வாறு என்னும் வினா தமிழ்ச் சூழலுக்குப் புதிதன்று. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1847இல் இலங்கைக்கு வந்தார். தொடக்கத்தில் ஆங்கிலத்தில் கற்பித்த அவர், பின்னர்த் தமிழிலேயே மேனாட்டு மருத்துவத்தைக் கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார், கலைச்சொற்களை உருவாக்கினார். ஆங்கிலவழிப் பயின்றோர் அரசுப் பணியை நாடி ஊரைவிட்டு நீங்குவதையும், தமிழ்வழிப் பயின்றோர் உள்ளூரில் நிலைபெறுவதையும் அவர் கருத்திற்கொண்டார். 1873இல் அவர் நாடு திரும்பிய பின் இம்முயற்சி தொடர்ந்து வளரவில்லை. எனினும், கல்வியின் வடிவமே மருத்துவரின் பணியிடத்தைத் தீர்மானிக்கிறது என்ற கருத்து அப்போதே நடைமுறையில் சோதிக்கப்பட்டது.

சென்னை மாகாணத்தில் 1924இல், பனகல் அரசரின் அமைச்சரவைக் காலத்தில், ஊரக மருத்துவ உதவித்தொகைத் திட்டம் தொடங்கப்பட்டது. சிற்றூரில் தங்கி மருத்துவம் செய்ய இசைந்தவருக்கு அரசு ஆண்டுதோறும் உதவித்தொகை வழங்கியது. இத்தகைய பணிக்குப் பட்டதாரிகளைக் காட்டிலும் மருத்துவப் பள்ளிகளில் குறைந்த காலம் பயின்று உரிமச்சான்று பெற்ற எல்.எம்.பி. மருத்துவர்களே மிகுதியாகக் கிடைத்தனர். 1940களின் தொடக்கத்தில் இந்தியாவில் பதிவுபெற்றிருந்த ஏறத்தாழ 47,500 மருத்துவர்களுள் 30,000 பேர் அளவில் இவ்வகையினரே. ஆனால் மாகாணத்தின் போக்கு வேறு திசையில் சென்றது. இராயபுரத்து மருத்துவப் பள்ளி 1938இல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியாக உயர்ந்தது. ஐடா ஸ்கடர் 1918இல் வேலூரில் பெண்களுக்கென நிறுவிய மருத்துவப் பள்ளி 1942இல் பட்டப்படிப்புக்கு மாறியது. பள்ளிகள் கல்லூரிகளாயின, உரிமச்சான்றுப் படிப்பு படிப்படியாக மறைந்தது.

1943இல் அமைக்கப்பட்டு 1946இல் அறிக்கை அளித்த போர் குழு இம்மாற்றத்துக்குக் கொள்கை வடிவம் தந்தது. 6,300 பேருக்கு ஒரு மருத்துவர் என்றிருந்த நிலையை மாற்ற முனைந்த அக்குழு, நாடு முழுவதற்கும் ஒரே தரமுடைய ‘அடிப்படை மருத்துவர்’ போதும் என்றது. உரிமச்சான்றுப் படிப்பைத் தொடர வேண்டும் என்று குழுவின் உறுப்பினர் சிலர் மாற்றுக் கருத்தைப் பதிவு செய்தனர். பெரும்பான்மையினர் அதனை ஏற்கவில்லை. அதே வேளையில் ‘சமுதாய மருத்துவர்’ என்ற இலக்கையும் நோய்த்தடுப்பு மருத்துவப் பயிற்சியையும் அக்குழு வலியுறுத்தியது. தரத்துக்கான பரிந்துரை நிறைவேறிய அளவுக்குச் சமுதாயப் பயிற்சிக்கான பரிந்துரை நிறைவேறவில்லை. 1975இல் ஸ்ரீவஸ்தவா குழு இக்குறையை மீண்டும் சுட்டியது. அதனைத் தொடர்ந்து 1977இல் வந்த மருத்துவக் கல்வி மறுசீரமைப்புத் திட்டம், ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியும் மூன்று ஊராட்சி ஒன்றியங்களின் சுகாதாரப் பொறுப்பை ஏற்க வேண்டும் என வகுத்தது. கல்லூரிக்கும் சுற்றியுள்ள மக்களுக்குமான உறவைக் கல்வியின் உறுப்பாக்க முயன்ற இத்திட்டம் பெரும்பாலான இடங்களில் ஊர்திகளும் முகாம்களுமாகச் சுருங்கியது. இப்பின்னணியில்தான் சிதம்பரத்தில் கல்லூரி தோன்றியது.

தென்னார்க்காட்டின் இடைவெளி

விடுதலைக்குப் பின் தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரிகள் மதுரை, தஞ்சாவூர், செங்கல்பட்டு, திருநெல்வேலி, கோயம்புத்தூர் என 1950களிலும் 1960களிலும் பரவின. தென்னார்க்காடு மாவட்டம் இவ்வரிசையில் இடம்பெறவில்லை. வடக்கே செங்கல்பட்டுக்கும் தெற்கே தஞ்சாவூருக்கும் இடைப்பட்ட நெடிய நிலப்பரப்பில் மாநில அரசின் மருத்துவக் கல்லூரி ஒன்றும் இல்லை. பழைய தென்னார்க்காட்டு எல்லைக்குள் முதன்முதலாகத் தமிழ்நாடு அரசே தொடங்கிய மருத்துவக் கல்லூரி விழுப்புரம் முண்டியம்பாக்கத்தில் 2010இல்தான் வந்தது.

இவ்விடைவெளிக்குப் புதுச்சேரியின் அண்மை ஒரு காரணமாக இருந்திருக்கலாம். பிரெஞ்சு ஆட்சியில் 1823இல் தொடங்கப்பட்ட மருத்துவப் பள்ளியைத் தன் முன்னோடியாகக் கொண்ட ஜிப்மர், 1956இல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரியாகி, 1964இல் இன்றைய பெயரைப் பெற்றது. கடலூர் நகரிலிருந்து ஏறத்தாழ 25 கி.மீ. தொலைவில் உள்ள அந்நிறுவனமே மாவட்டத்தின் வடபகுதி மக்களுக்கு உயர்சிகிச்சைப் புகலிடமாக இருந்து வருகிறது. ஆனால் அது மைய அரசின் நிறுவனம். வேறோர் ஆட்சிப்பகுதியில் உள்ளது. கடலூர் மாவட்ட மாணவருக்கு அங்கே தனி உரிமை ஏதும் இல்லை. நோயாளிக்குக் கதவு திறந்திருந்தது. மாணவருக்கு அவ்வாறு அமையவில்லை.

மாவட்டத்தின் நோய்ச்சூழலும் தனித்தன்மை உடையது. கடற்கரையில் மீனவர் வாழ்வு, வீராணம் ஏரிப் பாசனத்தில் நெல் வேளாண்மை, பண்ருட்டிப் பகுதியில் முந்திரித் தோப்புகள், நெய்வேலியில் நிலக்கரிச் சுரங்கம், கடலூர் சிப்காட்டில் வேதித் தொழிற்சாலைகள் என ஒரே மாவட்டத்தில் பல வகைத் தொழில்கள் நிலவுகின்றன. பாம்புக்கடி, பூச்சிக்கொல்லி நஞ்சு, தொழில்சார் நுரையீரல் நோய், கடலோர யானைக்கால் நோய் ஆகியவை இங்குள்ள மருத்துவர் அறிந்திருக்க வேண்டியவை. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை, 2011 டிசம்பரின் தானே புயல், 2015ஆம் ஆண்டின் வெள்ளம் ஆகியவை பேரிடர்க்கால மருத்துவத்தையும் இம்மாவட்டத்தின் அன்றாடப் பாடமாக்கின. கற்பிக்கத்தக்க களம் இருந்தது. அக்களத்துக்குரிய அரசுக் கல்லூரி இல்லை.

1985: பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு கல்லூரி

சிதம்பரத்தில் 1920இல் ஸ்ரீ மீனாட்சி கல்லூரியை நிறுவிய இராசா சர் அண்ணாமலை செட்டியார், 20 லட்சம் ரூபாய் நன்கொடையுடன் அதனைப் பல்கலைக்கழகமாக வளர்க்க முன்வந்தார். 1928ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றியது. சட்டமன்றம் இயற்றிய சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகமாயினும், நிறுவனர் குடும்பத்துக்கு இணைவேந்தர் என்னும் நிலையில் வழிவழியாக உரிமைகள் தரப்பட்டிருந்தன. பொதுநிறுவனத்தின் சட்டத் தகுதியும் தனியார் நிறுவனத்தின் ஆட்சி முறையும் கலந்திருந்த இவ்வமைப்பே பின்னாளில் மருத்துவக் கல்லூரியின் தன்மையையும் தீர்மானித்தது.

1980இல் பல் மருத்துவக் கல்லூரியும் 1985இல் மருத்துவக் கல்லூரியும் இவ்வளாகத்தில் தொடங்கப்பட்டன. 1984இல் மறைந்த இராசா சர் முத்தையா செட்டியாரின் பெயர் அவற்றுக்கு உரியதாயிற்று. அதே 1985இல் கோயம்புத்தூரில் பி.எஸ்.ஜி. மருத்துவக் கல்லூரியும் சென்னை போரூரில் ஸ்ரீ இராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியும் தோன்றின. வேலூர்க் கல்லூரி நீங்கலாக, அதுவரை அரசின் பொறுப்பாகவே இருந்து வந்த தமிழ்நாட்டு மருத்துவக் கல்வியில் இவ்வாண்டு ஒரு திருப்புமுனை. மருத்துவக் கல்வியை விரிவாக்கும் பணியில் தனியார் முதலீட்டுக்கு இடம் தரப்பட்டது. அதன் செலவு மாணவர் செலுத்தும் கட்டணத்தின் மீது ஏற்றப்பட்டது.

சிதம்பரம் கல்லூரியின் பயனைக் குறைத்து மதிப்பிடுவது முறையாகாது. உயர்சிகிச்சை நிலையம் இல்லாத ஒரு பகுதியில் கற்பிக்கும் மருத்துவமனை ஒன்று எழுந்தது. கொள்ளிடத்தின் இருபுறத்து ஊர்களிலிருந்தும் நோயாளிகள் அங்கு வந்து சேர்ந்தனர். ஆனால் மருத்துவமனையை நாடிவந்த குடும்பங்களின் பிள்ளைகள் அக்கல்லூரியில் மாணவராகச் சேர்வது அரிதாகவே இருந்தது. கட்டணம் அதற்குத் தடையாக நின்றது. நோயாளியாக உள்ளே வருபவரும் மாணவராக உள்ளே வருபவரும் வெவ்வேறு பொருளாதார நிலைகளைச் சேர்ந்தவராக இருந்தமை 1985க்குப் பின்னைய விரிவாக்கத்தின் பொதுப் பண்பாகும். 1992இல் மோகினி ஜெயின் வழக்கிலும் 1993இல் உன்னிகிருஷ்ணன் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் நன்கொடைக் கட்டணத்தைக் கண்டித்ததும், 1992இல் தமிழ்நாடு அரசு அதனைத் தடைசெய்து சட்டம் இயற்றியதும் இப்பண்பு நாடளாவிய சிக்கலாக வளர்ந்திருந்ததைக் காட்டுகின்றன.

2013: ஆட்சி மாற்றமும் மாறாத கட்டணமும்

2012இன் இறுதியில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் கடும் நிதி நெருக்கடிக்கு உள்ளானது. ஊதியக் குறைப்பும் ஆட்குறைப்பும் பேசப்பட்டபோது ஆசிரியரும் ஊழியரும் போராடினர். 2013 ஏப்ரலில் அரசு நிருவாகி ஒருவரை அமர்த்தியது. அவ்வாண்டே இயற்றப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகச் சட்டம் 1928ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கி, நிறுவனர் குடும்பத்தின் தனியுரிமைகளை முடிவுக்குக் கொண்டுவந்தது. பல்கலைக்கழகம் மாநில அரசின் ஏனைய பல்கலைக்கழகங்களைப் போன்ற நிலையை அடைந்தது. மருத்துவ மாணவர் சேர்க்கையும் மாநிலக் கலந்தாய்வின்கீழ் வந்தது.

இங்கு ஒரு முரண் தோன்றியது. உடைமை அரசிடம் வந்தது. சேர்க்கை அரசு வழியாக நடந்தது. கட்டணம் மட்டும் சுயநிதிக் கல்லூரிக்குரியதாகவே நீடித்தது. மருத்துவக் கல்லூரி மக்கள் நல்வாழ்வுத் துறையின் கீழ் வராமல், பல்கலைக்கழகத்தின் உறுப்பாக உயர்கல்வித் துறையின்கீழ் இருந்ததே இதற்கு நிருவாகக் காரணம். நெருக்கடியில் இருந்த பல்கலைக்கழகத்துக்கு மருத்துவக் கல்லூரியின் கட்டணம் இன்றியமையாத வருவாயாக இருந்தது. மிகைப்பட்ட ஊழியர்களைப் பிற கல்லூரிகளுக்கும் துறைகளுக்கும் அரசு பணிமாற்றம் செய்தது. ஆயினும் மருத்துவக் கல்லூரியின் செலவை ஏற்கும் பொறுப்பு மாணவரிடமே விடப்பட்டது. மாநிலத்தின் பிற அரசு மருத்துவக் கல்லூரிகளில் எம்.பி.பி.எஸ். கட்டணம் ஆண்டுக்கு 13 ஆயிரம் ரூபாய் அளவில் இருந்தபோது, சிதம்பரத்தில் அது 5 லட்சம் ரூபாயைத் தாண்டியது. சுயநிதிக் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்குரிய கட்டணத்தைவிடவும் இது மிகுதி. நாலரை ஆண்டுப் படிப்புக்கு 20 லட்சம் ரூபாய்க்கு மேல் செலவாகும் என்ற நிலையில், ‘அரசு’ என்னும் அடைமொழி மாணவருக்குப் பொருளற்றதாயிற்று.

2020–2021: போராட்டமும் ஆணைகளும்

2020ஆம் ஆண்டின் இறுதி மாதங்கள் தமிழ்நாட்டு மருத்துவக் கல்வியில் செறிவு மிக்கவை. 2017 முதல் நீட் தேர்வு மாநிலத்தில் நடைமுறைக்கு வந்தபின், அரசுப் பள்ளி மாணவர்கள் மருத்துவக் கல்வியில் சேர்வது மிகவும் அருகியிருந்தது. அதனை ஈடுசெய்ய அவர்களுக்கு 7.5 விழுக்காட்டு உள் ஒதுக்கீடு வழங்கும் சட்டம் 2020 அக்டோபரில் ஆளுநரின் ஒப்புதலைப் பெற்றது. நவம்பர்க் கலந்தாய்வில், இடம் கிடைத்தும் கட்டணம் செலுத்த இயலாமல் சிலர் விலக நேர்ந்தது. அதன்பின், அம்மாணவர்களின் தனியார் கல்லூரிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என அறிவிக்கப்பட்டது. இடம் வழங்குவதும் அவ்விடத்தில் அமர இயல்வதும் வேறு என்பதை அரசே ஏற்றுக்கொண்ட தருணம் அது.

அடுத்த மாதமே சிதம்பரத்தில் மருத்துவ மாணவர்கள் போராட்டத்தைத் தொடங்கினர். அரசுக் கல்லூரிக்குரிய கட்டணமே வேண்டும் என்பது அவர்களது மையக் கோரிக்கை. கொரோனாப் பெருந்தொற்றில் மருத்துவ மாணவரும் பயிற்சி மருத்துவரும் பணியாற்றிக்கொண்டிருந்த காலம் அது. ஏறத்தாழ இரண்டு மாதங்கள் போராட்டம் நீடித்தது. 2021 சனவரி இறுதியில் மருத்துவக் கல்லூரி, பல் மருத்துவக் கல்லூரி, செவிலியர் கல்லூரி ஆகியவற்றை உயர்கல்வித் துறையிலிருந்து மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு மாற்றி அரசு ஆணையிட்டது. கல்லூரி கடலூர் மாவட்டத்துக்குரிய அரசு மருத்துவக் கல்லூரியாயிற்று. பிப்ரவரியில், பிற அரசுக் கல்லூரிகளுக்கு நிகரான கட்டணம் அறிவிக்கப்பட்டது.

இந்நிகழ்வில் இரு கூறுகள் கவனத்துக்குரியவை. முதலாவது, ஆண்டுக்கு 150 எம்.பி.பி.எஸ். இடங்கள் கொண்ட ஒரு கல்லூரியின் சமூக அடித்தளம் பாடத்திட்டத்தில் ஒரு வரியும் மாறாமல் மாறியது. மைய அளவில் 2019 ஆகஸ்டு முதல் திறன்சார் பாடத்திட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. 2020 செப்டம்பரில் இந்திய மருத்துவக் கவுன்சிலின் இடத்தில் தேசிய மருத்துவ ஆணையம் அமர்ந்தது. இவ்விரு மாற்றங்களும் சிதம்பரத்து மாணவரின் அடிப்படைச் சிக்கலைத் தொடவில்லை. துறைமாற்ற ஆணை தொட்டது. இரண்டாவது, இச்சீர்திருத்தம் எந்த வல்லுநர் குழுவின் பரிந்துரையாலும் தொடங்கியதன்று. 2013இல் ஊழியர் போராட்டமும் 2021இல் மாணவர் போராட்டமும் அரசின் முடிவுக்கு முன்னோடிகளாக அமைந்தன. குழு அறிக்கைகளின் வரலாறாக மட்டும் மருத்துவக் கல்விச் சீர்திருத்தத்தை எழுதுவது போதாது என்பதற்கு இது சான்றாகும்.

கட்டணத்துக்கு அப்பால்: இணைக்கப்படாத களம்

2014 முதல் மைய அரசு, மருத்துவக் கல்லூரி இல்லாத மாவட்டங்களில் மாவட்ட மருத்துவமனையை இணைத்துப் புதிய கல்லூரி அமைக்கும் திட்டத்தைச் செயல்படுத்தியது. மூன்று கட்டங்களில் நாடு முழுதும் 157 கல்லூரிகளுக்கு ஒப்புதல் தரப்பட்டது. தமிழ்நாட்டில் இவ்வாறு எழுந்த 11 கல்லூரிகள் 2022 சனவரி 12 அன்று திறந்துவைக்கப்பட்டன. கடலூரின் அண்டை மாவட்டங்களாகிய கள்ளக்குறிச்சியும் அரியலூரும் அவற்றுள் அடங்கும். கல்லூரி ஏற்கெனவே இருந்த கடலூர் அப்பட்டியலில் இல்லை. அண்டை மாவட்டங்களில் மாவட்ட மருத்துவமனையை அடித்தளமாகக் கொண்டு கல்லூரி அமைந்தது. கடலூரில் உடைமை மாற்றத்தால் கல்லூரி வந்து சேர்ந்தது. இவ்வேறுபாட்டின் விளைவு நிருவாகத்தில் வெளிப்படுகிறது.

தமிழ்நாட்டின் மருத்துவ நிருவாகம் மூன்று இயக்ககங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. கல்லூரி மருத்துவமனைகள் 1966இல் தனியாகப் பிரிக்கப்பட்ட மருத்துவக் கல்வி இயக்ககத்தின்கீழ் உள்ளன. மாவட்ட, வட்ட மருத்துவமனைகள் மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்ககத்தின்கீழ் உள்ளன. ஆரம்ப சுகாதார நிலையங்கள் பொதுச் சுகாதார இயக்ககத்தின்கீழ் வருகின்றன. பொதுச் சுகாதாரத்துக்குத் தனித்துறையும், 1939ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி தனிச்சட்டமும் கொண்டிருப்பது தமிழ்நாட்டின் பெருமைக்குரிய மரபு. ஆனால் கல்வியைப் பொறுத்தவரை இப்பகுப்பு ஒரு தடையையும் உண்டாக்குகிறது. சிதம்பரம் நகரிலேயே காமராசர் அரசு மருத்துவமனை ஓர் இயக்ககத்தின்கீழும் கல்லூரி மருத்துவமனை மற்றோர் இயக்ககத்தின்கீழும் உள்ளன. கடலூர்த் தலைமை மருத்துவமனையும் கல்லூரியும் ஒரே மாவட்டத்தின் பெயரைத் தாங்கினும், ஒரே கற்றல் அமைப்பின் உறுப்புகளாக இல்லை.

இதனால் இழக்கப்படுவது யாது? கல்லூரி மருத்துவமனைக்கு வரும் நோயாளி பெரும்பாலும் நோய் முற்றிய நிலையில் வருகிறார். நஞ்சருந்திய உழவரை மாணவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் காண்கிறார். அவர் முதலில் கொண்டுசெல்லப்பட்ட ஆரம்ப சுகாதார நிலையத்தில் என்ன செய்ய முடிந்தது, என்ன செய்ய முடியவில்லை என்பதைக் காண்பதில்லை. திட்டக்குடி, வேப்பூர் போன்ற மேற்குப் பகுதி ஊர்களிலிருந்து சிதம்பரத்தை அடையச் செலவாகும் நேரமும் சிகிச்சையின் ஒரு பகுதியே. அந்நேரத்தை மருத்துவப் பாடம் கணக்கிடுவதில்லை. போர் குழு கருதிய சமுதாய மருத்துவர் உருவாக வேண்டிய இடம் இதுவே.

இவ்விடைவெளியை நிரப்பும் கருவிகள் இன்றைய விதிகளிலேயே உள்ளன. பட்டமேற்படிப்பு மாணவர் மூன்று மாதங்கள் மாவட்ட மருத்துவமனையில் பணியாற்ற வேண்டும் என்னும் மாவட்ட உறைவிடப் பயிற்சி விதி 2020இல் வகுக்கப்பட்டது. எம்.பி.பி.எஸ். மாணவர் சிற்றூர்க் குடும்பங்கள் சிலவற்றைத் தத்தெடுத்துப் படிப்புக்காலம் முழுதும் கவனிக்கும் திட்டம் 2022இல் பாடத்திட்டத்தில் இணைந்தது. அரசுப் பணி மருத்துவர்களுக்குப் பட்டமேற்படிப்பில் மாநிலங்கள் ஒதுக்கீடு வழங்கலாம் என 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணியாற்றுவோர் மீண்டும் கல்லூரிக்குத் திரும்பும் வழி இதனால் காக்கப்பட்டது. மாணவர் களத்துக்குச் செல்லவும் களத்தில் உள்ளவர் கல்லூரிக்கு வரவும் சட்டவழி உள்ளது. இவ்விதிகளைத் தனித்தனிக் கடமைகளாக நிறைவேற்றினால், 1977ஆம் ஆண்டுத் திட்டத்துக்கு நேர்ந்த நிலையே இவற்றுக்கும் நேரும். மூன்று இயக்ககங்களும் மாவட்ட அளவில் கூடிப் பயிற்சிக்குரிய இடங்களையும் பொறுப்பாசிரியர்களையும் வரையறுத்தால் மட்டுமே இவை ஒரு கல்வி முறையாகும்.

அரசுமயமாக்கத்துக்கு எதிராக ஒரு வாதம் முன்வைக்கப்படலாம். கட்டணக் குறைப்பால் ஏற்படும் சுமை பொது நிதியைச் சார்கிறது. அந்நிதியை ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குச் செலவிட்டிருக்கலாம் என்பதே அவ்வாதம். இதனைப் புறந்தள்ள இயலாது. ஆனால் பெருங்கடனுடன் வெளிவரும் மருத்துவர் கடனை அடைக்கவல்ல நகரத் தனியார் மருத்துவமனைகளை நாடுவது இயல்பு. அவர் பணியாற்ற மறுத்த நிலையங்களை நிரப்பும் செலவும் பொது நிதியையே சாரும். எனவே கட்டணக் குறைப்பை மாணவருக்கான சலுகையாக மட்டும் கருதாமல், மாவட்டத்தின் மருத்துவப் பணிக்கான முதலீடாகக் கருத வேண்டும். அம்முதலீட்டின் பயன் மாவட்டத்துக்கே திரும்ப வருவது, மேலே கூறிய களப் பிணைப்பைப் பொறுத்தது.

முடிவுரை

கடலூர் மாவட்ட மருத்துவக் கல்வியின் வரலாறு மூன்று வினாக்களுக்கு விடைதேடிய வரலாறாகும். கல்லூரியை யார் ஆள்வது என்ற வினாவுக்கு 2013ஆம் ஆண்டுச் சட்டம் விடையளித்தது. அதன் செலவை யார் ஏற்பது என்ற வினாவுக்கு 2021ஆம் ஆண்டு ஆணைகள் விடையளித்தன. அது யாருக்காக, எங்கே கற்பிக்கிறது என்ற வினா விடைபெறவில்லை. முதலிரு விடைகளுக்கும் இடையே எட்டாண்டுகள் கழிந்தன. உடைமை மாறியவுடன் அணுக்கம் தானாக வந்துவிடாது என்பதை அவ்வெட்டாண்டுகள் உணர்த்துகின்றன. அதுபோலவே, கட்டணம் குறைந்தவுடன் சமுதாய மருத்துவர் தானாக உருவாகிவிடுவதும் இல்லை.

வருவாய் குறைந்த நாடுகளின் மருத்துவக் கல்வியை ஆராய்வோர் பாடத்திட்டத்துக்கு முன்பாக உடைமையையும் கட்டணத்தையும் ஆராய வேண்டும் என்பதும், அவற்றுக்குப் பின்பாகக் களத்தை ஆராய வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் முடிபுகள். மஞ்சக்குப்பத்துத் தலைமை மருத்துவமனைக்கும் அண்ணாமலை நகர்க் கல்லூரிக்கும் இடைப்பட்ட 45 கி.மீ. தொலைவுக்குள் மீனவர் ஊர்களும் தொழிற்சாலைகளும் வயல்களும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் உள்ளன. அவை பாடமாகும்போதே, கல்லூரி தாங்கியுள்ள மாவட்டத்தின் பெயர் அதற்கு முழுமையாக உரியதாகும்.